பீப்பாய் என்றொரு மீன்

குஜராத்தின் வேராவல் கடற்கரை மீனவர்கள் ஒரு மீனுக்கு வழங்கிய பெயர் 'பேரல்'. பீப்பாயைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல் மீனின் உருவத்தைப் பார்த்து இடப்பட்டதன்று; அதைப் பிடித்த முறையிலிருந்து பிறந்தது. பெரிய இரும்புக் கொக்கியை மீனின் உடலில் பாய்ச்சி, அதனோடு பிணைத்த கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிடுவர். அந்த மிதவைகளை நீருக்குள் இழுக்க முயன்று முயன்று மீன் களைத்துப்போகும். பின்னர் அதைப் படகோடு பிணைத்துக் கரைக்கு இழுத்து வருவர். உலகின் மிகப் பெரிய மீனாகிய திமிங்கலச் சுறா, தன்னைக் கொன்ற கருவியின் பெயராலேயே அங்கு அறியப்பட்டது.

அறிவியலும் இம்மீனைப் பெரும்பாலும் வேட்டையின் வழியாகவே அறிந்தது. 1828இல் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் ஈட்டியெறிந்து பிடிக்கப்பட்ட ஒரு மீனைக் கொண்டே ஆண்ட்ரூ ஸ்மித் இவ்வினத்தை முதன்முதலில் விவரித்தார். இது முட்டையிடும் இனமா, குட்டி ஈனும் இனமா என்ற வினா அதன்பின் நெடுங்காலம் தீராமலே இருந்தது. 1953இல் மெக்சிகோ வளைகுடாவில் ஓர் இறால் படகின் வலையில் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள முட்டைக்கூடு ஒன்று சிக்கியது. உள்ளே உயிருள்ள கரு இருந்தது. அந்த ஒற்றைச் சான்றைக் கொண்டு, திமிங்கலச் சுறா முட்டையிடும் இனம் எனப் பலர் கருதினர்.

1995இல் தைவானின் கிழக்குக் கரையோரம் 10.6 மீட்டர் நீளமுள்ள பெண்மீன் ஒன்று ஈட்டிக்கு இரையாயிற்று. அதன் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் இருந்தன. சில இன்னும் முட்டைக்கூட்டுக்குள் இருந்தன. முதிர்ந்தவை கூட்டைவிட்டு வெளிவந்திருந்தன. முட்டைகள் தாயின் வயிற்றிலேயே பொரிந்து, குட்டிகளாகப் பிறக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 1953இல் கிடைத்த கூடு, காலத்திற்கு முன் வெளித்தள்ளப்பட்டது என்றே இன்று கொள்ளப்படுகிறது. ஒரு தாயின் சாவே அவ்வினத்தின் பிறப்பு முறையைச் சொல்லிற்று.

குஜராத்தில் முற்காலத்தில் இம்மீனின் ஈரல் எண்ணெய்க்கே மதிப்பிருந்தது. மரப்படகுகளில் நீர் புகாதிருக்க அதைப் பூசினர். 1990களில் தைவான் போன்ற வெளிநாட்டுச் சந்தைகள் இதன் இறைச்சியை நாடியபோது வேட்டை பெருகியது. மைக் பாண்டே 2000இல் வெளியிட்ட ஆவணப்படம் இக்கொலைக்களத்தை உலகின் பார்வைக்குக் கொணர்ந்தது. 2001 மே மாதத்தில், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் காப்பைப் பெற்ற முதல் மீனினம் இதுவே.

ஆயினும் அரசாணை கடலில் தானாகச் செல்லுபடியாவதில்லை. தடையைப் பலர் அறிந்திருக்கவேயில்லை. 2004இல் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் பிற அமைப்புகளும் தொடங்கிய இயக்கத்திற்கு, இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு துணைநின்றார். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளே இம்மீன் என்று அவர் மீனவரிடம் எடுத்துரைத்தார். அது ஆய்வு முடிவன்று, உறவுச் சொல். 'பேரல்' என்ற பெயருக்கு எதிரே, அன்புக்குரியவள் எனப் பொருள்படும் 'வ்ஹாலி' என்ற பெயர் நிலைபெறத் தொடங்கியது. வலையில் தற்செயலாகச் சிக்கிய மீன்களை, வலையை அறுத்தே மீனவர்கள் விடுவித்தனர்.

இவ்வரலாற்றை உருவகத்தின் வெற்றியாக மட்டும் எழுதுவது எளிது. ஆனால் அறுபட்ட வலை ஒரு மீனவக் குடும்பத்தின் முதலீடு. அதற்கு வனத்துறை இழப்பீடு வழங்க முன்வந்தது. தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து சான்றளிக்கும்வரை மீன் வலையிலேயே தவிக்க நேர்ந்தது. பின்னர் மீனவர்களிடமே ஒளிப்படக் கருவி தரப்பட்டு, அவர்கள் எடுக்கும் படமே சான்றாக ஏற்கப்பட்டது. மீனவரின் சொல்லை நம்பத் தொடங்கிய பிறகே மீன் விரைவாக விடுதலை பெற்றது.

மகள் என்ற சொல் மனத்தை மாற்றியிருக்கலாம். அம்மகளை வழியனுப்பும் செலவைத் தந்தை ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடுதான் அம்மாற்றத்தை நிலைக்கச் செய்தது. பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் காப்பாற்றப்பட்ட மீன்களை எண்ணும்போது, அறுக்கப்பட்ட வலைகளையும் உடன் எண்ண வேண்டும்.