ஒரு ஜூலுக்குக் கொஞ்சம் குறைவாக

கவாசாகியில் ஆன்சைட் இருந்த இரண்டு வருஷத்தில், ஜப்பானிய மொழியைவிட நான் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒரு கியர்பாக்ஸைத்தான். கார் கியர்பாக்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். இது கைக்குள் அடங்கும், ஒரு பொம்மைத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் இருப்பது. 'பொம்மை' என்று சொன்னால் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பார். அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். தொண்ணூறுகளில் கல்லூரியில் படித்தபோது, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய எம்16 ஏர்சாஃப்ட் துப்பாக்கியை இன்னும் அலமாரியில் வைத்திருந்தார். பேட்டரியில் ஓடும்; 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபா மாநிலத்தில் இதற்கென்றே காட்டு மைதானங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் வங்கி ஊழியரும் பல் டாக்டரும் முழு ராணுவ உடையில் அங்கே புதருக்குப் பின்னால் படுத்துக் கிடப்பார்கள். 'சர்வைவல் கேம்' என்பதைச் சுருக்கி 'சபகே' என்கிறார்கள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு இது எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இந்தத் துப்பாக்கியை வடிவமைத்ததில் பாதிப் பங்கு சட்டத்துக்கு என்று தோன்றியது.

ஜப்பானில் 1958இல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சாதாரண ஆளுக்குக் கைத்துப்பாக்கி அநேகமாகக் கிடையவே கிடையாது. ஆசை மட்டும் சட்டத்தைக் கேட்டுக்கொண்டா நிற்கும்? சுடாத, ஆனால் அசலைப் போலவே கழற்றி மாட்டக்கூடிய உலோக மாதிரித் துப்பாக்கிகள் அறுபதுகளில் அங்கே பிரபலமாயின. அவற்றைக் காட்டி மிரட்டுவது, திருத்திச் சுடுவது என்று ஆரம்பித்ததும் அரசு விழித்துக்கொண்டது. உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகள் வெள்ளையிலோ மஞ்சளிலோதான் இருக்க வேண்டும், குழல் அடைபட்டிருக்க வேண்டும் என்று 1971இல் விதி வந்தது. 1977இல் இன்னும் இறுக்கினார்கள். மஞ்சள் துப்பாக்கியை யார் ஆசையாக வாங்குவார்கள்? பிளாஸ்டிக்கில் செய்தால் கறுப்பாகவே விற்கலாம். பிளாஸ்டிக் நிஜத் தோட்டாவைத் தாங்காது. ஆனால் காற்றின் அழுத்தத்தைத் தாங்கும். எண்பதுகளில் ஏர்சாஃப்ட் அங்கே அப்படி வளர்ந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுட வேண்டும். தொடர்ச்சியாகச் சுட வேண்டுமென்றால் வாயு. ஃப்ரிட்ஜில் போடும் அதே ஃப்ரியான்! முதுகில் ஒரு சிலிண்டர், அதிலிருந்து துப்பாக்கிக்கு ஒரு குழாய் என்று கொசு மருந்து அடிப்பவர் மாதிரி ஓடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாயு அழுத்தம் விழுந்துவிடும், குண்டு காலடியில் விழும். போதாததற்கு ஃப்ரியான் ஓசோனைத் தின்கிறது என்று உலகமே அதைக் கைவிடத் தொடங்கியது.

1991இல் டோக்கியோ மாருய் நிறுவனம், பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கி வடிவில் முதல் மின்சார ஏர்சாஃப்ட்டை விற்பனைக்கு விட்டது. பிளாஸ்டிக் மாடல்களும் ரிமோட் கார்களும் செய்துகொண்டிருந்த கம்பெனி. சின்ன மோட்டார், ரீசார்ஜ் பேட்டரி, பல்சக்கரம் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. அதைக் கொண்டுபோய் துப்பாக்கிக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான்.

'அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டேனே தவிர, உள்ளே நடப்பது அழகு. விசையை அழுத்தினால் மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றும். மூன்றாவது சக்கரத்துக்குப் பாதிச் சுற்றளவில் மட்டும்தான் பல். பல் இருக்கும் பாதி பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்ப்ரிங்கை அமுக்கும். பல் முடிந்ததும் பிடி விட்டுப்போகும். ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னால் எறியும், அதன் முன்னிருக்கும் காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் திரும்பிச் சேர்வதற்குள் அந்தச் சக்கரத்தின் அடுத்த பல் வந்துவிடக் கூடாது. வந்தால் பிஸ்டனின் பல் சிரைந்துவிடும். இது விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை நடக்கிறது. ரேஸ் கண்டிஷனில் தூக்கத்தைத் தொலைத்த புரோகிராமர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மாருய் கியர்பாக்ஸின் அளவுகள் பின்னால் உலகத்துக்கே பொது இன்டர்ஃபேஸ் ஆகிவிட்டன. ஹாங்காங்கிலும் தைவானிலும் செய்தவர்கள் அதே அளவுக்கே செய்தார்கள். எந்தக் குழுவும் கூடித் தரம் நிர்ணயிக்கவில்லை. அதனால்தான் நண்பரின் எம்16க்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. அதே காரணத்தால் தொல்லையும் வந்தது. பொருந்தும் என்றால், இன்னும் பலமான ஸ்ப்ரிங்கும் பொருந்துமே! எம்100, எம்120 என்று ஸ்ப்ரிங் விற்றார்கள். 0.2 கிராம் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ எத்தனை மீட்டர் வேகத்தில் தள்ளும் என்பதுதான் அந்த எண். பலம் ஏற ஏற பிஸ்டன் பல் உடையும், கியர்பாக்ஸ் கூட்டின் முன்பக்கம் விரிசல் விடும். அதற்கும் பலமான கூடு விற்றார்கள்.

2005இல் பலம் ஏற்றிய துப்பாக்கிகளால் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்கள் ஜப்பானை உலுக்கின. 2006இல் சட்டம் திருத்தப்பட்டது. குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் சதுர செண்டிமீட்டருக்கு 3.5 ஜூல், 6 மில்லிமீட்டர் குண்டுக்குக் கணக்குப் போட்டால் 0.98 ஜூல். 0.2 கிராம் குண்டு என்றால் விநாடிக்கு 99 மீட்டர். எம்100 முழுப் பலத்தில் ஒரே ஒரு மீட்டரில் குற்றவாளி! வைத்திருப்பதே குற்றம். திருத்திக்கொள்ளவோ ஒழித்துக்கட்டவோ 2007 பிப்ரவரி வரை அவகாசம் தந்தார்கள்.

நண்பரும் ஒரு எம்120 பேர்வழிதான். அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, இரவில் சமையல் மேசையில் உட்கார்ந்து மாற்றினாராம். கழற்றிய ஸ்ப்ரிங்கைப் பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தனி ஸ்ப்ரிங் குற்றமில்லை, மாட்டினால்தான் குற்றம்.

பல வருஷம் சும்மா கிடந்த எம்16 கிறீச்சிட ஆரம்பித்ததால் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் பிரித்தோம். முதலில் மேகஸினையும் பேட்டரியையும் கழற்று, ஸ்ப்ரிங்கின் இழுவையைத் தளர்த்து, பிறகு கூட்டைத் திற என்றார். கேட்காமல் திறந்தால் ஸ்ப்ரிங் உத்தரத்துக்குப் போய்விடும். உள்ளே க்ரீஸ் பழைய நெய் மாதிரி மஞ்சளாக இறுகியிருந்தது. துடைத்தோம். பல்சக்கரத் தண்டுகளில் 0.1, 0.15 மில்லிமீட்டர் ஷிம்களை மாட்டி, விரலால் சுழற்றி, மறுபடி கழற்றி... இரண்டு மணி நேரம் போச்சு. இடையில் அந்த ஃபிலிம் டப்பாவைத் திறந்து பழைய ஸ்ப்ரிங்கைக் காட்டினார். "இதுதான் என் இளமை" என்று சிரித்துவிட்டு டீ போடப் போனார். நான் கூட்டை மூடினேன். திருகுகள் எல்லாம் அழகாக உட்கார்ந்தன. பெருமையாக இருந்தது.

சுடுவதற்கு முன்னால் அளக்காமல் அவர் விடமாட்டார். வேகமானியை மேசையில் வைத்து, பழைய துணி நிரப்பிய அட்டைப்பெட்டியைப் பார்த்து ஒரு குண்டு. 113 என்றது திரை. மனசுக்குள் கணக்குப் போட்டேன்: 1.28 ஜூல். மேசையில் மிச்சமிருந்த ஸ்ப்ரிங்கைப் பார்த்தேன். கம்பி மெலிசாக இருந்தது.

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. வேலை விசாவில் இருப்பவன், அந்நிய நாட்டில், என் கையாலேயே மாட்டியிருக்கிறேன். அவர் திட்டவில்லை. பேட்டரியைக் கழற்றினார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், திருப்புளியை என் பக்கம் நகர்த்தினார். "திறங்க" என்றார். திருகுகளைக் கழற்றும்போது என் கை நடுங்கியதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். டீ ஆறிப்போனது.

இரண்டாவது முறை 92. மறுநாள் சிபா மைதானத்தின் வாசலிலும் அளந்து, 92 என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார்கள். பத்து நிமிஷத்துக்குள் யாரோ ஒரு தாத்தா என்னைச் சுட்டுவிட்டார்.

திரும்பி வந்ததும் நண்பர் கட்டிங் பிளேயரை எடுத்து எம்120ஐ மூன்று துண்டாக வெட்டினார். நல்ல எஃகு, சிரமப்பட்டார். துண்டுகளை ஒரு பையில் போட்டு, உலோகக் குப்பை எடுக்கும் நாள் என்றைக்கு என்று காலண்டரில் தேடினார்.