ஜெல்லிக்குள் ஒரு கூடு

ஜெல்லியைத் தட்டில் போட்டு நாலு நாள் விட்டுவிட்டால் சுருங்கி, தோல் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் போகும்போது உருவத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில், பசிபிக் கல்லூரி வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லருக்கு இதில் ஒரு கேள்வி இருந்தது. அத்தனை தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறதே, அப்படியானால் ஜெல்லிக்குள் திடமான கூடு ஒன்று இருக்க வேண்டுமே! அது குலையாமல் தண்ணீரை மட்டும் எடுக்க முடியுமா?

குலைப்பது திரவத்தின் பரப்பு இழுவிசை. ஈரத் தலைமுடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். கிஸ்ட்லர் பிடித்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மூடிய கலத்தில் அழுத்தத்தோடு சூடேற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் திரவம், வாயு என்ற வேறுபாடே அழிந்துவிடும். பரப்பே இல்லாதபோது இழுவிசை ஏது? பிறகு வால்வை மெல்லத் திறந்துவிட்டால் போதும்.

ஆனால் அந்தச் சூட்டில் தண்ணீர், அவர் எடுத்துக்கொண்ட ஜெல்லியின் கூடான சிலிகாவையே கரைத்துவிடும். எனவே தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் ஆல்கஹாலை நிரப்பினார். சுமார் 240 டிகிரி செல்சியஸ், அறுபது மடங்குக்கும் மேல் வளிமண்டல அழுத்தம். கடைசியில் கலத்தில் மிஞ்சியது புகையை வெட்டி வைத்தாற்போல் நீலம் பாரித்த ஒரு கட்டி. பெரும்பகுதி வெறும் காற்று. 1931இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஏரோஜெல் என்று பெயர். முட்டை வெள்ளைக்கருவில்கூடச் செய்து பார்த்திருக்கிறார்!

வெப்பத்தை இது தடுக்கும் விதம் பிறகுதான் அளக்கப்பட்டது. காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதித்தான் சூட்டைக் கைமாற்றுகிறது. இரண்டு மோதலுக்கு நடுவே சுமார் 70 நானோமீட்டர் ஓட வேண்டும். ஏரோஜெலின் துளைகளில் பெரும்பாலானவை அதைவிடக் குறுகல். பக்கத்து மூலக்கூறைத் தொடுமுன் சுவரில் முட்டிக்கொள்கிறது. சிலிகா இழை வழியாகப் போகலாமென்றால் அதுவோ நூலினும் மெல்லிய, முடிவில்லாமல் வளையும் பாதை. அதனால்தான் அசையாத காற்றைவிடவும் இது வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது.

1940களில் மான்சான்டோ நிறுவனம் இதைத் தயாரித்து விற்றது. செலவு கட்டுப்படியாகாமல் பின்னர் நிறுத்திவிட்டது. கிஸ்ட்லர் 1975இல் காலமானார்.

1997 ஜூலையில் செவ்வாயில் சோஜர்னர் என்ற சிறு ஊர்தி இறங்கியது. உயிரை உறைய வைக்கும் அந்த இரவுக் குளிரிலிருந்து அதன் மின்னணுப் பெட்டியைக் காத்தது ஏரோஜெல். ஏழு நாள் ஓடினால் போதும் என்று அனுப்பிய ஊர்தி 83 செவ்வாய் நாட்கள் ஓடியது.