சாவா மூவாப் பேராடும் அல்பாக்காவும்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்தவர். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் வேலைக்கு அலைந்தபின், தந்தை விட்டுச்சென்ற இரண்டு காணி நிலத்தையும் மூன்று கறவை மாடுகளையும் நம்பி ஊரோடு தங்கிவிட்டவர். ஆய்வேடு பற்றிப் பேச வந்திருப்பார் என்று நினைத்தேன். அவரோ, "ஐயா, அல்பாக்கா வளர்த்தால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார்.

அல்பாக்கா என்பது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, கழுத்து நீண்ட, கம்பளி தரும் விலங்கு. தென்னமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் மலை மேய்ச்சல் நிலங்களே அதன் தாயகம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு பண்ணைகளில் வளர்ப்பதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். மாடுகளை விற்று, நிலத்தின் பேரில் கடன் வாங்கி, நான்கைந்து விலங்குகளுடன் தொடங்கலாம் என்பது அவர் திட்டம். சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. இதே போன்றதொரு கேள்வியோடு பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமன் வந்தபோது நான் தந்த விடை இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதைச் சொல்வதற்கு முன், ஒரு விலங்கு எப்போது அதை வளர்ப்பவனுக்குச் சோறு போடுகிறது என்பதை வரலாற்றில் சற்றுத் தேடிப் பார்க்கலாம்.

தொலைவில் தேடவேண்டியதில்லை. பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. புதுச்சேரி வட்டாரக் கல்வெட்டுகளைப் பாகூர் சு. குப்புசாமி அவர்கள் தொகுக்க, கோ. விஜயவேணுகோபால் அவர்கள் பதிப்பித்த நூல்கள் நம் கல்லூரி நூலகங்களில் கிடைக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டும் எவரும் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரைக் காணாமல் இருக்க முடியாது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் ஆடுகளைக் கொடையளிப்பார். அவை இடையர் ஒருவர் பொறுப்பில் விடப்படும். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். பசுவானால் 48, எருமையானால் 16. செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வந்துவிடும், மூத்ததற்கு ஈடாக இளையது வந்துவிடும். எனவே எண்ணிக்கை என்றும் குறையாது. அவை சாவதில்லை, மூப்பதுமில்லை!

இத்தொடரின் அழகில் மயங்கி அதன் கடுமையை மறந்துவிடக் கூடாது. நோய் வந்து பட்டியே அழிந்தாலும் விளக்கு எரிந்தாகவேண்டும், இழப்பு இடையருடையது. அவருடைய சுற்றத்தாரையும் பொறுப்பாளிகளாகப் பெயரெழுதி வைத்ததும் உண்டு. ஆயினும் அந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் தெளிவாக இருந்தன. முதலாவது, ஆடுகளை வாங்க இடையர் கடன்படவில்லை, கொடையாளி தந்தார். இரண்டாவது, ஆடு தருவது என்ன, எவ்வளவு என்பது ஆழாக்கு, உழக்கு வரை தெரிந்திருந்தது. மூன்றாவது, அந்த நெய்யை நாள்தோறும் பெற்றுக்கொள்ள ஒரு கோயில் இருந்தது. நெய் போக எஞ்சிய மோரும் எருவும், எண்ணிக்கைக்கு மேல் பெருகிய குட்டிகளும் இடையரின் ஊதியம் என்பர் அறிஞர். ஆட்டை ஆட்டுக்காக எவரும் வாங்கவில்லை. அதன் நெய்க்காக வாங்கினார்கள்.

இனி அல்பாக்காவிடம் வருவோம். 1836-இல் டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்டு ஆலை முதலாளி, லிவர்பூல் கிடங்கில் எவரும் சீண்டாமல் கிடந்த அல்பாக்கா ரோமப் பொதிகளை வாங்கினார். அதை நூற்கும் வழிகண்டு பெருஞ்செல்வரானார். சால்டைர் என்ற ஆலை நகரத்தையே கட்டினார். ரோமத்துக்கு விலை வந்ததும் விலங்கின் மேல் ஆசை வந்தது. பெருவும் பொலிவியாவும் உயிருள்ள அல்பாக்காக்களின் ஏற்றுமதியைத் தடைசெய்திருந்தன. சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் பல ஆண்டுகள் பாடுபட்டு, ஒரு மந்தையை ஆண்டிஸ் மலைகளைத் தாண்டிக் களவாக ஓட்டிச்சென்று, 1858 நவம்பரில் 256 விலங்குகளுடன் சிட்னியில் இறங்கினார். நியூ சவுத் வேல்ஸ் அரசு 15,000 பவுன் கொடுத்து மந்தையை வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் முயற்சி தோற்றது. மெரினோ செம்மறி ஏற்கெனவே வேரூன்றிவிட்ட நாட்டில் அல்பாக்காவுக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த லெட்ஜர் நம் மண்ணோடும் தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. 1865-இல் பொலிவியாவிலிருந்து சின்கோனா விதைகளைக் கடத்தி லண்டனுக்கு அனுப்பியவரும் இவரே. அவருக்காக விதை சேகரித்த மானுவல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர் பின்னர் சிறையில் அடியுண்டு மாண்டார். விதைகளில் ஒரு பங்கை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்து, உலகக் கொய்னா வணிகத்தையே கைப்பற்றினர். இன்னொரு பங்கு இந்தியத் தோட்ட முதலாளி ஒருவர் வழியாக நீலகிரிக்கு வந்து, பெரிதாகப் பலன் தராமல் போயிற்று. விதை ஒன்றே, விளைவு வேறு. மண்ணும் தட்பவெப்பமும் பேணும் திறனும் சேர்ந்தே இலாபத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு 1984 முதல் அல்பாக்காக்கள் வணிக நோக்கில் வரத் தொடங்கின. 1998-இல் இனப்பதிவேடு வெளிநாட்டு வரவுகளுக்கு மூடப்பட்டது. இருக்கும் விலங்குகளின் விலை ஏறிற்று. ஒரு நல்ல பெண் விலங்கு பல்லாயிரம் டாலருக்கு விலைபோனது. இத்தனைக்கும் ஓர் அல்பாக்கா ஆண்டுக்கு ஒருமுறை கத்தரிக்கையில் தருவது இரண்டு முதல் நான்கு கிலோ ரோமம். அந்த ரோமத்தின் வருவாய் அந்த விலையைத் தாங்காது என்று சைட்டோன், செக்ஸ்டன் என்னும் கலிபோர்னியப் பொருளியலாளர் இருவர் 2007-இல் கணக்கிட்டுக் காட்டி, இது ஊகக் குமிழி என்று எச்சரித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் குமிழி உடைந்தது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரப்போகும் புதிய வளர்ப்பாளரை நம்பியே வாங்கினார்கள். ரோமத்தை நம்பி வாங்கியவர் அரிதினும் அரிது. அந்த வரிசையின் கடைசி ஆள் வந்து சேர்ந்த அன்று விலையும் நின்றது.

நம் நாட்டில் இதே நாடகம் ஈமு கோழியை வைத்து நடந்தது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு சுசி ஈமு பண்ணை நிறுவனம் வளர்ந்தது. ஒன்றரை லட்சம் ரூபாய் செலுத்தினால் ஆறு குஞ்சுகள், தீவனம், மாதம் ஆறாயிரம் ரூபாய் பராமரிப்புத் தொகை, ஈராண்டு முடிவில் முதலும் திரும்பக் கிடைக்கும் என்று விளம்பரங்கள் சொல்லின. ஈராண்டில் மாதத் தொகை மட்டும் 1,44,000 ரூபாய். இவ்வளவையும் தரக்கூடிய பறவை எது? 2012 ஆகஸ்டில் நிறுவனம் வீழ்ந்தது. பசியால் துடித்த பறவைகளுக்கு அரசே தீவனம் இட நேர்ந்தது. நிறுவனத் தலைவருக்குப் பின்னர் கோவைச் சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அதே காலத்தில் அதே பாணியில் வேறு பல நிறுவனங்களும் முளைத்து, முதலீட்டாளர்களை நடுத்தெருவில் நிறுத்தின.

என் மாமன் பாகூர் ஏரிப்பாசன நிலத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்டவர். 2011-இல் அப்படியொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்த புதிது. "நீ படிச்சவன். இதப் பாத்துச் சொல்லு மாப்ள" என்றார். நான்கு பக்கங்களையும் படித்தேன். இரண்டு சந்திப் பிழைகளைக்கூடச் சுட்டிக்காட்டினேன். "எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது மாமா" என்றேன்.

அந்நாளில் நான் சோழர் கல்வெட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உழக்கு நெய்யை யார் அளக்கிறார், யார் பெறுகிறார் என்று கல்லில் வெட்டியிருப்பதை வகுப்பில் வியந்து பேசுவேன். அந்த நான்கு பக்க ஒப்பந்தத்தில் ஈமுவின் முட்டையையும் இறைச்சியையும் எண்ணெயையும் யார் வாங்குவார் என்று ஒரு வரி இல்லை. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாமன் நிலத்தை அடகு வைத்தார். சில மாதங்கள் பணம் வந்தது, பிறகு நின்றது. பறவைகளை வாங்க ஆளில்லை. கடனை அடைக்க அரைக் காணியை விற்றார். ஈமுவுக்காக நட்ட கம்பிவேலிக் கால்களில் இன்று புடலைப் பந்தல் படர்ந்திருக்கிறது. ஒருநாளும் அவர் என்னைக் குறைசொன்னதில்லை. அதுதான் கனக்கிறது.

ஆகவே மாணவரிடம் இம்முறை விளக்கமாகவே பேசினேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ நான்காயிரம் மீட்டர் உயரக் குளிருக்குப் பழகிய உடல் நம் சித்திரை வெயிலையும் புழுக்கத்தையும் தாங்குவது கடினம். கம்பளி தரும் செம்மறியே தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில்தான் நிலைத்தது. சமவெளியின் செம்மறிகள் மென்கம்பளி இல்லாதவை. இயற்கை தந்த விடை அது. அல்பாக்கா பதினொரு மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். வெளிநாட்டு விலங்கை இறக்குமதி செய்ய நடுவண் அரசின் அனுமதியும் நோய்த்தடுப்புக் காவலும் வேண்டும். ஐந்து விலங்குகளின் ரோமம் ஆண்டுக்கு இருபது கிலோவைத் தாண்டாது. அதைத் தரம் பிரித்து, கழுவி, நூற்க ஆலை எங்கே? பருத்தி நூற்ற புதுச்சேரியின் பழம்பெரும் ஆலைகளே மூடப்பட்டுவிட்டன.

"அப்படியானால் எங்களைப் போன்றவர்களுக்கு மாடுதானா ஐயா?" என்று சற்றுக் கசப்புடன் கேட்டார். அந்தக் கசப்பு நியாயமானது. தீவன விலை ஏறிய வேகத்தில் பால் விலை ஏறவில்லை என்பதை அவர் கறந்து கண்டவர். நான் வாங்கிக் குடிப்பவன். இருந்தாலும் மாட்டின் பாலுக்குப் பாண்லே கூட்டுறவு இருக்கிறது. மாட்டையே விற்கவேண்டி வந்தால் செவ்வாய்க்கிழமை தோறும் மதகடிப்பட்டுச் சந்தை கூடுகிறது. நோய் கண்டால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிடை போட்டால் ஆட்டெருவுக்கு நிலம் காத்திருக்கிறது. இந்த நான்கும் இல்லாத விலங்கு எவ்வளவு அழகாயிருப்பினும் சிறு உழவருக்குச் சுமையே. வசதி படைத்தோர் விருப்பத்துக்கு வளர்க்கலாம். கடன் வாங்கி வளர்க்க ஒண்ணாது.

எந்த விலங்கைப் பற்றி எவர் சொன்னாலும், "இது தருவதை நாளைக் காலை என் வாசலில் வந்து யார் வாங்குவார்?" என்று கேட்குமாறு சொன்னேன். 'இன்னொரு வளர்ப்பாளர்' என்பது விடையானால் எழுந்து வந்துவிடலாம்.

மாணவர் மாடுகளை விற்கவில்லை. நான்கு வெள்ளாட்டுக் குட்டிகள் வாங்கியிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார். அவை சாகும், மூக்கும். இலாபம் வருமா என்பதும் இனிமேல்தான் தெரியும். விலை கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்களாம்.