கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் டிஜிட்டல் ஊடகமும் அரசியல் பங்கேற்பும்

கங்காதர நெல்லூர், ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள தனித்தொகுதி. வேப்பஞ்சேரி தொகுதி கலைக்கப்பட்டு 2008 தொகுதிச் சீரமைப்பில் உருவானது. பாலசமுத்திரம், கார்வேட்டிநகரம் போன்ற மண்டலங்களைக் கொண்ட இந்த எல்லைப் பகுதியில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் டிஜிட்டல் வசதிகள் குடிமக்களின் அரசியலுக்குள் வந்த கதையில், முகநூல் சண்டைகளைவிடப் பெரிய பங்கு கேமராவுக்கும் லாகினுக்கும் பட்டியலுக்கும்தான்.

தொடக்கத்தில் இது வெறும் கவுண்டர் வேலையாகத்தான் இருந்தது. அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் குப்பம் தொகுதியில் 2002இல் எச்.பி. நிறுவனம் அரசோடு சேர்ந்து ஊரகக் கணினித் திட்டம் ஒன்றை நடத்தியது. 2011 நவம்பரில் சான்றிதழ்களை இணையவழியில் தரும் ‘மீ சேவா’ சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது குறைந்தது. ஆனாலும் குடிமகன் விண்ணப்பதாரராகவே இருந்தான்.

கேமராவின் பலம் 2019இல் தெரிந்தது. ஏப்ரல் 11 வாக்குப்பதிவின்போது சந்திரகிரி தொகுதியின் சில சாவடிகளில் தலித் மக்களை ஓட்டுப் போட விடவில்லை என்று புகார் எழுந்தது. சாவடிக்குள் பதிவான காட்சிகளைப் பார்த்த பிறகு, என்.ஆர். கம்மப்பள்ளி உள்ளிட்ட 7 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. மே 19 அன்று பலத்த போலீஸ் காவலில் அது நடந்தது. ஒரு மாதம் தாமதமானதைத் தெலுங்கு தேசம் கட்சி குறை சொன்னது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் காட்சிப்பதிவு இல்லாமல் போயிருந்தால், ஊர்ப் பெரிய மனிதர்களின் சொல்லுக்கு எதிராகச் சேரிக்காரர்களின் சொல் எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு 50 வீடுகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தன்னார்வலர்களை நியமித்தது. மாதச் சன்மானம் 5,000 ரூபாய். செல்பேசியோடு வீடு வீடாக வந்து ஓய்வூதியம் கொடுத்தவர்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது, யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பட்டியலாகவே அறிந்திருந்தார்கள். நலத்திட்டப் பயனாளிக்கு இது வசதி, வாக்காளருக்கு நெருக்கடி. தேர்தலையொட்டி 2024 மார்ச் இறுதியில் தேர்தல் ஆணையம் அவர்களை ஓய்வூதியப் பணியிலிருந்து விலக்கியது. அரசு கொடுத்த செல்பேசிகளையும் டேப்களையும் ஒப்படைக்கச் சொன்னது.

லாகின் செய்த கேடு திருப்பதியில் வெளிப்பட்டது. 2021 ஏப்ரல் 17 மக்களவை இடைத்தேர்தல் அன்று, கையில் இருந்த வாக்காளர் அட்டையில் தந்தை பெயர் என்ன என்று கேட்டதும் திருதிருவென விழித்தவர்களின் வீடியோக்கள் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடின. வாக்காளர் பதிவு அதிகாரியின் லாகின் வழியாக ஆயிரக்கணக்கான அடையாள அட்டைகள் முறைகேடாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டதாகப் புகார் வந்தது. அன்று அந்தப் பொறுப்பில் இருந்த அதிகாரி 2024 ஜனவரியில்தான் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்குள் அடுத்த பொதுத்தேர்தலே நெருங்கிவிட்டது.

பிரசாரமும் மாறியது. கந்துகூர், குண்டூர் கூட்டங்களில் நடந்த நெரிசல் சாவுகளுக்குப் பின் 2023 ஜனவரியில் வந்த அரசாணை எண் 1, சாலைக் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த மாதம் 27ஆம் தேதி குப்பத்தில் நடைபயணம் தொடங்கிய தெலுங்கு தேசத்தின் நாரா லோகேஷ், பிப்ரவரியில் கங்காதர நெல்லூர் தொகுதிக்கு வந்தபோது, மைக்குக்கு அனுமதி இல்லாமல் ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினார். தெருவில் நின்ற சில நூறு பேருக்குப் போய்ச்சேர வேண்டிய பேச்சு, தடையின் புண்ணியத்தில் மாநிலம் முழுக்கச் செல்பேசிகளில் ஓடியது. மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது.

2024இல் ஆட்சி மாறியது. கங்காதர நெல்லூர் தொகுதியைத் தெலுங்கு தேசத்தின் வி.எம். தாமஸ் வென்றார். 2025 ஜனவரி 30 அன்று மாநில அரசின் ‘மன மித்ரா’ வாட்ஸ்அப் சேவை முதற்கட்டமாக 161 சேவைகளுடன் வந்தது. குறைகளையும் அதிலேயே பதியலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவருக்கு, முன்னால் நிற்பவரும் அதே ஏரிக்கால்வாய்ப் பிரச்சினைக்காக வந்தவர் என்று தெரியவரும். இருவரும் சேர்ந்தே உள்ளே போவார்கள். செல்பேசியில் அனுப்பும் மனுவுக்கு அந்தப் பக்கத்து ஆள் கிடையாது.