தீர்ந்துபோகும் தோட்டாக்கள்: வளைகுடாவைக் களமாகக் கொண்ட விளையாட்டுகளிலும் படங்களிலும் கையிருப்பின் கணக்கு

1991 ஜனவரி 17, அதிகாலை. ஈராக்கின் ராடார் நிலையங்கள் இரண்டை அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் தகர்த்தன. வளைகுடாப் போரின் முதல் அடி அதுதான். வடக்கு சவூதியின் அல்-ஜூஃபிலிருந்து கிளம்பிய அவற்றுக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு எரிபொருள் போதவில்லை. அதனால் ஆயுதம் தொங்கவேண்டிய இடம் ஒன்றில் 230 கேலன் கொள்ளும் கூடுதல் தொட்டியை மாட்டினார்கள். திரும்பி வரவேண்டுமென்றால் ராக்கெட்டுகளைக் குறைத்துக்கொண்டாக வேண்டும்.

இந்தக் கணக்கு மறு ஆண்டே விளையாட்டாக மாறியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1992இல் வெளியிட்ட 'டெசர்ட் ஸ்ட்ரைக்: ரிட்டர்ன் டு த கல்ஃப்' என்ற விளையாட்டில் ஆடுபவர் கையில் இருப்பது ஒரு அப்பாச்சி. 1178 பீரங்கிக் குண்டுகள், 38 ஹைட்ரா ராக்கெட்டுகள், 8 ஹெல்ஃபயர் ஏவுகணைகள்: இதற்கு மேல் ஏற்ற முடியாது. எரிபொருள் 100இலிருந்து குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டால் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கும். மணலில் சிதறிக் கிடக்கும் பீப்பாய்களையும் குண்டுப் பெட்டிகளையும் தேடிப் பறப்பதே ஆட்டத்தில் பாதி. போர் முடிந்து ஏறத்தாழ ஓராண்டிலேயே அதை விளையாட்டாக்கியதைப் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே. ஆனாலும் சுடுவதற்கு முன் இருப்பை எண்ண வைத்ததில் அது அன்றைய சுடும் விளையாட்டுகள் பலவற்றைவிட நேர்மையாக இருந்தது.

எண்ணும் வழக்கத்துக்கு அதற்கும் முந்தைய வேர் உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு ஒரு வீரன் சுமக்கும் பாரத்தைத் தங்க நாணயங்களின் எடையால் அளந்தது. புதையலை அள்ள அள்ள நடை தளரும். பத்து ஆண்டுகள் கழித்து வந்த 'ட்வைலைட்: 2000' அணுப்போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் நடப்பது. அதில் தோட்டாக்கள் அரிது. வண்டி ஓட்டவே சாராயம் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஆட்டக்காரர்கள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்ட இந்தக் கணக்கைத்தான் பின்னால் கணினி தானே போடத் தொடங்கியது.

சினிமா இந்தப் பாதையில் மெதுவாகவே வந்தது. 2019இல் வெளியான 'கைதி' படத்தின் உச்சக்காட்சியில் நாயகன் டில்லி சுழல்குழல் துப்பாக்கியை இயக்குகிறான். அந்த வகைத் துப்பாக்கி நிமிடத்துக்கு 3000 குண்டுகளைத் துப்பக்கூடியது. ஒரு குண்டுக்கு 24 கிராம் என்று வைத்தால் பத்து நொடிச் சூட்டுக்கே 500 குண்டுகள், 12 கிலோ எடை வேண்டும். ரசிகர் அந்த எடையை நினைப்பதில்லை. படமும் நினைக்கச் சொல்வதில்லை. அந்த நேரத்து ஆவேசத்துக்கு அது தேவையும் இல்லை.

வளைகுடாப் போரைப் பற்றிய இரண்டு ஹாலிவுட் படங்கள் வேறு வழியில் போயின. டேவிட் ஓ. ரஸ்ஸலின் 'த்ரீ கிங்ஸ்' (1999) ஒரு தோட்டா உடலுக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை உள்ளுறுப்புகளோடு காட்டியது. அதன் துப்பாக்கிச் சண்டை வேகம் குறைந்து, ஒவ்வொரு குண்டும் யாரைத் தைக்கிறது என்று பார்க்க வைக்கிறது. சாம் மெண்டஸின் 'ஜார்ஹெட்' (2005) இன்னும் கடுமையானது. சவூதி மணலில் மாதக்கணக்கில் காத்திருக்கும் வீரர்கள் விடாமல் செய்யும் வேலை தண்ணீர் குடிப்பது. குறிபார்த்துச் சுடும் பயிற்சி பெற்ற நாயகன் எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடாமல் ஊர் திரும்புகிறான்.

பாலைவனத்தில் முதலில் தீர்வது தோட்டா அல்ல, தண்ணீர். யாகர் நிறுவனத்தின் 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' (2012) மணற்புயலில் புதைந்த துபாயை இதே நிலையில் வைக்கிறது. வீரன் ஒரு நேரத்தில் இரண்டு துப்பாக்கிகளை மட்டுமே சுமக்கலாம். உயரமான கட்டடங்களுக்கிடையே மிச்சமிருக்கும் மக்களின் உயிரோ தண்ணீர் லாரிகளில் இருக்கிறது. அந்த லாரிகளைக் கைப்பற்றும் முயற்சி பேரழிவில் முடிவதுதான் கதையின் மிகக் கசப்பான கட்டங்களில் ஒன்று. துபாயைச் சிதைவாகக் காட்டியதற்காக இந்த விளையாட்டு அமீரகத்தில் தடை செய்யப்பட்டது.

அதே துபாயை அதற்கு ஓராண்டு முன்பு 'மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டகால்' கொண்டாடியிருந்தது. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடிச் சுவரில் டாம் குரூஸ் ஒட்டும் கையுறைகளோடு ஏறுகிறார். நடுவழியில் ஒரு கையுறை செயலிழக்கிறது. அதே இடத்தில் முகமூடி செய்யும் கருவியும் பழுதாகிறது. முந்தைய படங்களில் கைகொடுத்த முகமூடி இல்லாமல் சொந்த முகத்தோடே எதிரிகள் முன் நிற்க வேண்டியிருக்கிறது. தொடரின் மிக விறுவிறுப்பான பகுதி, கருவிகள் கைவிட்ட இந்தப் பகுதிதான்.

அமீரகம் தானே எடுத்த போர்ப்படம் 2021 நவம்பரில் வந்தது. இமேஜ் நேஷன் அபுதாபி தயாரித்து, 'டேக்கன்' இயக்குநர் பியர் மொரேல் இயக்கிய 'அல் கமீன்', யேமனில் அமீரக வீரர்கள் சிக்கிக்கொண்ட உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. ராஸ் அல் கைமாவின் மலைகளில் படமாக்கப்பட்டது. கவச வண்டி குறுகிய பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ள, உள்ளே இருப்பவர்களால் அங்கிருந்து நகர முடியவில்லை. உதவிப் படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் படம் முழுவதும். அமீரகத் திரையரங்குகளில் அதற்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. உள்ளூர்ப் பார்வையாளருக்கு அது அண்மையில் நடந்த போர். வண்டிக்குள் இருந்தவர்கள் அவர்களுடைய ஊர்ப் பிள்ளைகள். தீராத குண்டுகளோடு ஒரு நாயகனை அங்கே நிறுத்தியிருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.