இரண்டாம் பிரிவின் மன்னன்

ஜேர்மன் உதைபந்தாட்டம் என்றதும் பெக்கன்பவர், கேர்ட் முல்லர் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். டீற்றர் ஷற்ஷ்னைடரை அறிந்தோர் மிகச் சிலரே. 1958இல் ஹனோவரில் பிறந்த இவர், இரண்டாம் பிரிவு புண்டஸ்லீகாவில் 201 ஆட்டங்களில் 153 கோல்களை அடித்தவர்.

1982-83 பருவத்தில் மட்டும் ஃபோர்ச்சூனா கொலோன் கழகத்துக்காக அவர் அடித்தவை 31. அவ்வாண்டு ஜேர்மன் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் அக்கழகம் முதற்பிரிவு அணியான பொருசியா டோர்ட்மண்டை 5-0 என வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் எதிர்கொண்டது அதே நகரின் பெரிய கழகமான எஃப்.சி. கொலோனை. லிட்பார்ஸ்கியின் ஒற்றைக் கோலால் கிண்ணம் கைநழுவியது.

ஐரோப்பியக் கிண்ணத்தை அப்போதுதான் வென்றிருந்த ஹம்பேர்க் கழகம், தன் அணித்தலைவர் ஹ்ருபெஷ் விலகியதும் அவருடைய இடத்துக்கு ஷற்ஷ்னைடரை அழைத்தது. கால்ற்ஸ் வளைத்தனுப்பும் பந்தை ஹ்ருபெஷ் தலையால் முட்டிக் கோலாக்குவதற்கே பழகிய அணி அது. ஒரே பருவத்தில், 1984இல், இவர் ஷால்க்கவுக்குச் சென்றார். பெரிய மேடையில் சோபிக்காதவர் என்றே பலரும் இவரைக் கணித்தனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பிய வெற்றியணியின் தலைவனுக்கு மாற்றாக வந்து ஓராண்டில் நிலைபெறுவது எவருக்குத்தான் எளிது?

அவரது 153 கோல் சாதனை மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக நிலைத்தது. 2021 ஒக்ரோபரில் அதை முறியடித்த சிமோன் ரெரொட, அப்போது அதே ஷால்க்கவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 33.