ஒரு வரியைத் தேடி: 'க்ரெப்' பிறந்த கதை

"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது எழுதுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்பது மலர்க் குழுவினர் எனக்கு இட்ட அன்புக் கட்டளை. புதிய விஷயங்களை எழுத இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் தட்டுகிற ஒரு சின்னக் கட்டளையின் பழங்கதையை நான் சொல்கிறேன். அதன் பெயர் 'க்ரெப்'. ஆங்கிலத்தில் நாலே எழுத்து.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சர்வர் தன்னிடம் நடப்பதையெல்லாம் வரி வரியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். தேதி, நேரம், எந்தக் கணிப்பொறி, எந்த நிரல், என்ன நடந்தது. இதுதான் 'லாக்'. கடையில் எழுதுகிற நாள்வழிக் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லட்சக்கணக்கான வரிகளிலிருந்து நமக்கு வேண்டிய பத்து வரியை மட்டும் பொறுக்கித் தருவது க்ரெப்பின் வேலை.

பிறந்த இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியிலுள்ள பெல் ஆய்வுக்கூடம்; எழுதியவர் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன். 1973 நவம்பரில் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இடம் பெற்றது. அதற்கு முன்பே 'ஈடி' என்ற எடிட்டரில் ஒரு வசதி இருந்தது. 'ஜி' என்றால் எல்லா வரிகளிலும், நடுவில் 'ஆர்ஈ' எனப்படும் தேடும் வடிவம், 'பி' என்றால் அச்சிடு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் க்ரெப். பெயர் வைக்க அவர்கள் ரொம்ப யோசிக்கவில்லை என்று தெரிகிறது!

தேவை எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதை உண்டு. பிரையன் கெர்னிகன் சொல்வது: லீ மக்மஹன் என்ற சக ஆய்வாளருக்கு, 1787-88-ல் வெளியான 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் 85-ல் எதை யார் எழுதினார் என்று ஆராய ஆசை. ஆனால் அன்றைய மெஷினின் நினைவகத்தில் கோப்பு முழுதாகக் கொள்ளவில்லை. ஈடியால் திறக்க முடியவில்லை. அதனால் தேடும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தனி நிரலாக்கித் தந்தார் தாம்ப்ஸன். தாம்ப்ஸன் சொல்வது வேறு. கோப்புகளுக்குள் தேட ஒரு கருவி இருந்தால் நல்லது என்று டக் மக்கில்ராய் கேட்டாராம். "ராத்திரி யோசிச்சுப் பார்க்கிறேன்" என்று போனவர், தனக்காக ஏற்கனவே எழுதி வைத்திருந்த நிரலையே கொஞ்சம் சரிசெய்து மறுநாள் நீட்டிவிட்டாராம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

தேடும் வடிவம் என்ற கருத்து இதைவிடப் பழையது. மூளை நரம்புகள் எப்படி இயங்கலாம் என்று மக்கல்லக், பிட்ஸ் இருவரும் 1943-ல் ஒரு கணித மாதிரி தந்தார்கள். அதை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி 1951-ல் உருவாக்கிய குறியீட்டு முறையே இன்று நாம் போடும் நட்சத்திரக் குறிக்கு மூலம். செயற்கை நரம்பு வலை, ஏஐ என்று பேசும் மாணவர்கள் கவனிக்கவும்; க்ரெப் உங்களுக்குப் பங்காளி முறை. அந்தக் குறியீட்டைக் கணிப்பொறியில் வேகமாகத் தேடும் வழியாக மாற்றி 1968-ல் கட்டுரை வெளியிட்டவரும் தாம்ப்ஸன்தான்.

லாக் எழுதுகிற பழக்கம் ஒழுங்குபட்டது 1980-களில். கலிபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், தம் 'ஸெண்ட்மெயில்' நிரலுக்காக 'ஸிஸ்லாக்' என்பதை எழுதினார். அதன் பெரிய வசதி, ஒரு மெஷினின் லாகை நெட்வொர்க் வழியாக வேறொரு மெஷினில் சேர்த்து வைக்கலாம் என்பது. இது ஏன் முக்கியம்?

அதே பெர்க்லியில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், 1986 ஆகஸ்டில் கணிப்பொறி நேரக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருந்த கிளிஃபர்ட் ஸ்டாலிடம் அந்தச் சில்லறையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வந்தவன் சாதாரண ஆளில்லை. மெஷினின் முழு அதிகாரத்தையும் பிடித்துவிட்டான். அப்படிப்பட்டவன் லாகையே அழிக்கலாம், திருத்தலாம். திருடன் கையில் சாவியோடு கணக்குப் புத்தகமும் இருந்தால் அந்தக் கணக்கை யார் நம்புவது? ஸ்டால் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வார இறுதியில் பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் சுமார் 50 இணைப்புகளிலும் மாட்டினார். காகிதத்தில் அச்சானதை எந்த ஊடுருவலாலும் அழிக்க முடியாது.

அந்தக் காகிதங்களில் தெரிந்தது இதுதான்: வந்தவனும் நம்மைப் போலவே வார்த்தை போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். 'நியூக்ளியர்', 'எஸ்டிஐ' போன்ற ராணுவச் சொற்கள். சுமார் 450 கணிப்பொறிகளைத் தட்டிப் பார்த்து, 30-க்கும் மேற்பட்டவற்றில் நுழைந்திருந்தான். பொய்யான எஸ்டிஐ கோப்புகளை வைத்து அவனை நீண்ட நேரம் இணைப்பில் இருக்க வைத்து, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் வரை தடம் பிடித்தார்கள். மார்கஸ் ஹெஸ் என்ற அந்த ஆள், சோவியத் உளவு நிறுவனத்துக்குத் தகவல் விற்ற வழக்கில் 1990-ல் தண்டிக்கப்பட்டான்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. எந்தச் சொல்லைத் தேடுவது என்று முதல் நாள் ஸ்டாலுக்குத் தெரியாது. வடிகட்டியிருந்தால் தவற விட்டிருப்பார். இன்றும் அப்படித்தான். தவறான பாஸ்வேர்டு வரிகளை க்ரெப்பில் எடுத்து, முகவரி வாரியாக வரிசைப்படுத்தி எண்ணினால், ஆயிரம் முறை தட்டிய முட்டாள் முதலில் வருவான். ஆயிரம் முகவரியிலிருந்து ஒவ்வொரு முறை மட்டும் தட்டுகிற கெட்டிக்காரன் அந்தப் பட்டியலின் அடியில், ஒன்று, ஒன்று என்று பதுங்கியிருப்பான். பட்டியலின் வாலையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி.

புள்ளி விஷயமும் சொல்லிவிடுகிறேன். க்ரெப்புக்குப் புள்ளி என்றால் 'ஏதோ ஒரு எழுத்து'. 10.1.1.5 என்று தேடினால் 10.1.1.50 வரும், 110.1.1.5 வரும், 10.121.5.7 கூட வந்து நிற்கும். புள்ளியைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்ல 'மைனஸ் பெரிய எஃப்', முழுச் சொல்லாக மட்டும் பார்க்க 'மைனஸ் டபிள்யூ'. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இந்த மூன்றும் விலகிவிடும்.

வடிவத்தை எழுதுவது விளையாட்டில்லை என்பதை 2019 ஜூலை 2 காட்டியது. உலகின் ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம், தாக்குதலைக் கண்டுபிடிக்க ஒரு புதிய தேடும் வடிவத்தை உலகெங்கும் ஒரே நேரத்தில் இறக்கியது. அதில் புள்ளியும் நட்சத்திரமும் அடுத்தடுத்து வந்ததால், அந்த நிரல் ஒவ்வொரு வரியையும் முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் பார்த்து, அத்தனை மெஷின்களின் சிபியூவையும் விழுங்கிவிட்டது. சுமார் 27 நிமிடம் பல தளங்கள் திறக்கவே இல்லை. பிறகு அவர்கள், எவ்வளவு மோசமான வடிவமானாலும் நேரம் எல்லை மீறாத வேறொரு இயந்திரத்துக்கு மாறுவதாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இயந்திரத்தின் அடிப்படை வழி, 1968-ல் தாம்ப்ஸன் அந்தக் கட்டுரையில் எழுதி வைத்ததுதான்.